கடைசியில் உட்காருகிறவர்கள்

(கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



லடாக் போய்வந்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். பயணக் கதை கேட்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். மலையும் பனியும் வரும். ஆனா நான் பேச வந்தது ஒரு பந்தி வரிசையைப் பத்தி.

நான் வங்கியில் எழுத்தர். எல்.டி.சி. உண்டு. கூட வேலை செய்கிறவங்க காசி, வைஷ்ணவி தேவின்னு போவாங்க. நான் லடாக்னு எழுதிக் கொடுத்தப்ப, "அங்க என்னய்யா இருக்கு, கல்லும் மண்ணும்?"னு சிரிச்சாங்க. நாகபுரியில் 1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் பௌத்தம் ஏற்றார். அந்தப் பௌத்தத்தைப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவன் நான். ஊர் முழுக்கப் பௌத்தராக இருந்தா அந்த ஊர் எப்படி இருக்கும்? ஊர், சேரி என்று ரெண்டு இல்லாத ஊரில் தெரு எப்படி இருக்கும்? இதைக் கண்ணால் பார்க்கணும் என்பதுதான் ஆசை.

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பருவ மழையை இமயமலை தெற்கிலேயே மறித்துவிடுகிறது. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான் மழை. பாலைவனம்தான், ஆனால் குளிர்ந்த பாலைவனம். உச்சியில் பனி உருகி இறங்குகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி வாற்கோதுமை, பட்டாணி பயிரிடுகிறார்கள், ஆப்ரிகாட் மரம் வளர்க்கிறார்கள். வாய்க்கால் போகிற வரைக்கும் பச்சை. அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் வெறும் கல். முதல் ரெண்டு நாள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குச்சு. உடம்பு பழகின பிறகுதான் நடை.

லிகிர் மடாலயத்திலிருந்து யாங்தாங், அங்கிருந்து ரிசோங் மடாலயம், பிறகு சிந்து நதிக்கரைக்கு இறங்கி அல்ச்சி. இதுதான் வழி. பெரிய ஏற்றம் கிடையாது. முதல் நாள் ரெண்டு சின்னக் கணவாய். இப்போது பல ஊர்களுக்குச் சாலை வந்துவிட்டது, வண்டியிலேயே போகலாம். நான் நடந்தேன். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர்கள் வழியெல்லாம் நிற்கின்றன. சுவர் நமக்கு வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி நடக்கணும். எதிரே வருகிற எல்லாரும் "ஜூலே" என்கிறார்கள். யாரும் "நீ எந்த ஊர், எந்தத் தெரு"ன்னு கேட்கல. உங்களுக்கே தெரியும், நம்மூர்ல தெருவைக் கேட்டா எதைக் கேட்கிறான்னு. முதல் நாள் நான் அழுதுவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அடுத்த நாள் ஒரு ஊர். பெயர் வேண்டாம். தங்கின வீட்டுக்காரர், நான் பௌத்தன் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்த விருந்துக்குக் கூட்டிப் போனார். நீள வரிசையாக உட்காருகிறார்கள். அந்த வரிசைக்கு 'டிரல்' என்று பெயர். மேல் கோடியில் துறவி, பிறகு மூத்தவர்கள், பிறகு மற்றவர்கள். கீழ்க் கோடியில், வாசல் பக்கம், கொஞ்சம் இடம் விட்டு ரெண்டு பேர். ஒருத்தர் கையில் 'தமன்', ஜோடி முரசு. இன்னொருத்தர் கையில் 'சுர்னா', நம்ம நாயனம் மாதிரி. எல்லாருக்கும் வார்த்த 'சாங்' அவர்களுக்கும் வந்தது. குவளை மட்டும் வேறே.

தோழர்களே, குவளையைப் பார்த்து எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

முரசு அடிக்கிறவர்கள் மோன். இரும்பு அடிக்கிறவர்கள் கர்ரா. ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்கள் பேடா. மற்றவர்கள் இவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை. மடத்தில் துறவியாகவும் மரபில் இவர்களுக்கு இடம் கிடையாது. 1989இல் லடாக்கின் எட்டுச் சமூகங்கள் பழங்குடிகளாக அறிவிக்கப்பட்டபோது, பெரும்பான்மையான போட் ஒரு பெயர், மோன் ஒரு பெயர், கர்ரா ஒரு பெயர், பேடா ஒரு பெயர். புத்தர் எல்லாருக்கும் ஒருவர்தான். பட்டியலில் மட்டும் தனித்தனி.

நான் எழுந்து போய் அந்த ரெண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புரட்சி பண்ணிவிட்டதாக நினைப்பு. தமன்காரருக்கு எழுபது வயசு இருக்கும். 'மேமே-லே' என்று கூப்பிட்டேன். தாத்தாவுக்கு அங்கே அதுதான் சொல். அவர் இன்னும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். பேங்க் பரீட்சைக்குப் படிச்ச இந்தியில் ஏதோ பேசினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ நாளைக்குப் போயிடுவே. நான் நாளைக்கும் இங்கேதான் உட்காரணும். என் மகன் லேயில டாக்சி ஓட்டுறான். தமனைத் தொட மாட்டேங்கிறான்."

அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. என் அப்பா பறை அடித்தவர். வேலையில் சேர்ந்த புதுசில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, விவசாயம் என்று சொன்னவன் நான். இன்னைக்கு மேடையில் பறை முழங்கினால் முதல் வரிசையில் நின்று கை தட்டுகிறேன். அந்த மகன் ஏன் தமனைத் தொடவில்லை என்று எனக்குப் புரியும்.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஃபிராங்கே என்ற மொரேவிய மிஷனரி மேற்குத் திபெத்தின் வரலாற்றை 1907இல் நூலாக்கினார். திபெத்தியர் வருவதற்கு முன்பே பௌத்தத்தோடு இங்கே குடியேறியவர்கள் மோன்கள் என்பது அவர் கருத்து. அதே 1907இல்தான் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்குகிறார். பறையர் எனப்பட்டவர் பூர்வ பௌத்தர், பௌத்தம் வீழ்ந்தபோது இழிவாக்கப்பட்டவர் என்று எழுதுகிறார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பண்டிதர் சொன்ன நிலைமையில், பௌத்தத்தை அழித்தவன் இழிவாக்கினான். லடாக்கிலோ பௌத்தம் அழியவே இல்லை. அழியாத பௌத்தத்துக்குள்ளேயே மோன் கடைசிக்குப் போயிருக்கிறான். பௌத்தம் போனதால்தான் நமக்கு இழிவு வந்தது, திரும்பி வந்தால் தானாகப் போய்விடும் என்று நாம் மேடையில் பேசுகிறோம். அந்தத் 'தானாக' என்ற சொல்லை நான் அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஏன் இப்படி? மடத்துக்கு நிலம் இருக்கிறது, குத்தகை இருக்கிறது. 1950இல் ஜம்மு காஷ்மீரில் பெருநில ஒழிப்புச் சட்டம் வந்தபோது லடாக் மடங்களின் நிலம் விலக்குப் பெற்றது. ரிசோங் ஒழுக்கத்துக்குப் பேர் போன மடம். அதன் கீழே ஜூலிச்சென் என்ற பெண் துறவிகள் இல்லம். 1970களின் கடைசியில் அங்கே தங்கிய அன்னா கிரிம்ஷா எழுதிய நூல் 1992இல் வந்தது. வயல் வேலையும் பழம் உலர்த்துவதும் பெண் துறவிகளுக்கு, பூசையும் படிப்பும் மேலே இருக்கிற ஆண்களுக்கு. சொத்து சேர்ந்த இடத்தில் வரிசையும் சேர்ந்துவிடுகிறது. காவி உடுத்தினாலும் சரி, செந்நிறம் உடுத்தினாலும் சரி.

கடைசி நாள் அல்ச்சி. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு பழைய மூன்றடுக்குக் கோயில். உள்ளே ஆளுயரத்தைத் தாண்டிய மூன்று போதிசத்துவர்கள். அதில் மஞ்சுஸ்ரீயின் வேட்டி முழுக்கச் சித்தர்களை வரைந்திருக்கிறான் ஓவியன். எண்பத்து நான்கு சித்தர் மரபில் யார் யார் தெரியுமா? செருப்புத் தைத்த சமாரிபா. கொல்லுலை ஊதிய கம்பாரிபா. கொல்லன் சித்தனாகலாம், அவனை வணங்கலாம். வெளியே, கொல்லன் வீட்டுக் குவளையைத் தொடமாட்டான்.

சாக்கிய இளவரசர்கள் துறவு பூண்டபோது, நாவிதர் உபாலிக்கு முதலில் தீட்சை கொடுக்கச் சொன்னார்கள். தாங்கள் அவரை வணங்க வேண்டும், தங்கள் சாக்கியச் செருக்கு அடங்க வேண்டும் என்பதற்காக. புத்தர் வரிசையைக் கலைத்தார். பின்னால் வந்தவர்கள் திரும்ப அடுக்கிவிட்டார்கள்.

லடாக்கைக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அது சுலபம். என் கல்யாணம் பஞ்சசீலம் சொல்லித்தான் நடந்தது. அன்று எங்கள் சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் அம்மா எங்கே சாப்பிட்டார்கள்? எல்லாரும் எழுந்த பிறகு, வீட்டுக்குப் பின்னாடி, கொண்டுவந்த ஏனத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பார்த்தேன். ஒண்ணும் தோணல. அந்த மேமே பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்த ஏனம் ஞாபகத்துக்கு வந்தது.

ஊர் திரும்பியதும் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். "என்னா சாமி வேணும்?"னு எழுந்து நின்னாங்க. நான் அவங்க மகன் வயசு. "உக்காருங்கம்மா"ன்னு சொல்லிப் பார்த்தேன். உட்காரல. நானும் நின்னுக்கிட்டே பேசிட்டு வந்தேன்.

அவங்க மகன் பட்டப்படிப்பு முடிச்சிருக்கான். அடுத்த மாதம் நம் படிப்பு வட்டத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறேன். நம்மைப் பற்றி அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். கோபம் வரும். வரட்டும். யாரும் பாதியில் எழுந்து போகாதீங்க. அவ்வளவுதான் நான் கேட்கிறது.

ஜெய்பீம்.