புள்ளடியும் பொறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சில வாரங்களுக்கு முன்னர் நமது வாசிகசாலையில் இளைஞர்கள் ஒரு விவாதம் நடத்தினார்கள். "இலங்கைக்கும் வாக்குப் பொறி வேண்டும்" என்பது விவாதப் பொருள். அயல் நாடான இந்தியா பல கோடி வாக்குகளைப் பொறியிலே பதிந்து ஒரே நாளில் எண்ணி முடிக்கும்போது நாம் விடிய விடியக் கடதாசியை விரித்துக்கொண்டிருப்பதா என்று ஒரு சாரார் கேட்டனர். பொறிக்குள் நடப்பதை யார் கண்டது என்று மறு சாரார் மடக்கினர். முடிவில் பொறி வேண்டும் என்றவர்களே வென்றார்கள். அந்த முடிவு கையை உயர்த்தச் சொல்லித் தலையெண்ணிப் பெறப்பட்டது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

விவாதம் கலையும் வேளையில் முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். அவர் கண்பார்வையை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன. "தம்பிமாரே, பொறியோ கடதாசியோ எதுவாகவும் இருக்கட்டும். நான் போடுகிற வாக்கு நான் நினைத்த இடத்தில்தான் விழுந்தது என்று எனக்கு யார் சொல்லுவது? இப்போது என்ரை வீட்டுக்காரி சொல்லுகிறா. அவவுக்கும் எனக்கும் அரசியலில் ஒரு நாளும் ஒத்துப் போனதில்லை" என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை விட்டு நம்மால் நகர முடியவில்லை. ஆதலின் இன்று அதைப் பற்றியே பேச முற்பட்டோம்.

இந்தியாவின் பொறியைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் அமைப்பை அறிந்தோர் சிலரே. அடிப்படையில் அது இரண்டு பெட்டிகள். ஒன்று தேர்தல் அலுவலரின் மேசையிலே. மற்றது மறைப்பினுள்ளே வாக்காளர் முன்னிலையிலே. ஒரு வடம் இரண்டையும் இணைக்கும். அலுவலர் தம் பொத்தானை அழுத்தினாலன்றி உள்ளே இருக்கும் பெட்டி விழிக்காது. வாக்காளர் தமக்கு விருப்பமான பெயருக்கும் சின்னத்துக்கும் நேரேயுள்ள நீலப் பொத்தானை அழுத்துவார், சிவப்பு விளக்கு எரியும், நீண்ட ஒலி ஒன்று எழும், வாக்குப் பதிந்தாயிற்று. மறுபடியும் அழுத்தினால் ஏறாது. மின்சாரம் இல்லாத ஊரிலும் மின்கலத்தில் ஓடும். வாக்குப்பதிவு தொடங்குமுன் வேட்பாளர்களின் முகவர்கள் காணப் பரீட்சார்த்தமாக வாக்குகளைப் போட்டு, எண்ணிக் காட்டி, அவற்றை அழித்த பின்னரே முத்திரை இடுவார்கள்.

இப்பொறி நேர்வழியில் வந்து அரியணை ஏறியதன்று. 1982 ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் மட்டும் இதனை முதன்முதலாக வைத்தார்கள். தேர்தலுக்கு முன்பே பொறியை எதிர்த்து நீதிமன்றம் சென்ற வேட்பாளர் தோல்வியுடன் திரும்பினார். பிறகு தேர்தலில் அவரே 123 வாக்குகளால் வெற்றி பெற்றார். இப்பொழுது வழக்கிடும் முறை தோற்றவருக்கு! 1984 இல் இந்திய உச்ச நீதிமன்றம், சட்டம் வாக்குச்சீட்டைத்தான் சொல்கிறது, பொறியைச் சொல்லவில்லை என்று கூறி, அந்த 50 சாவடிகளிலும் சீட்டைக் கொண்டு மறுவாக்குப்பதிவு நடத்தச் செய்தது. முடிவு மாறியது, முன்னர் தோற்றவர் வென்றார். பொறி நன்றா தீதா என்பதை அந்தத் தீர்ப்பு ஆராயவில்லை. சட்டம் இடந்தராத கருவியைக் கொண்டு மக்களின் வாக்கைப் பெற முடியாது என்பதே அதன் சாரம். 1988 இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் பொறியே ஆண்டது.

பொறியால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 1996 இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 வேட்பாளர்கள் நின்றனர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2019 இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றபோது பன்னிரண்டு பெட்டிகளை வரிசையாக இணைத்து ஒப்பேற்றினார்கள். எல்லாவற்றிலும் மேலாக, பொறியிலே செல்லாத வாக்கு என்பதற்கு இடமில்லை. எழுத்தறியாத கிழவியும் சின்னத்தைப் பார்த்து அழுத்தினால் அவள் வாக்கு வாக்குத்தான்.

ஆனால் ஐயம் ஒழிந்ததா? ஒழியவில்லை. விளக்கு எரிந்ததைக் கண்டேன், ஒலியைக் கேட்டேன், உள்ளே எந்தப் பெயருக்கு ஏறியது என்பதை எப்படி அறிவேன் என்று வாக்காளர் கேட்டார். நிபுணர்கள் சோதித்துவிட்டார்கள் என்பதே நெடுநாள் விடையாக இருந்தது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சுதந்திரமும் நேர்மையும் உள்ள தேர்தலுக்குக் கடதாசிச் சான்று இன்றியமையாதது என்று தீர்ப்பளித்தது. இப்பொழுது பொறியோடு ஓர் அச்சுப் பெட்டியும் நிற்கிறது. பொத்தானை அழுத்தியதும் பெயரும் சின்னமும் பொறித்த சிறு துண்டு ஒன்று கண்ணாடிக்குப் பின்னே ஏழு வினாடி தெரிந்து, பின் அறுந்து பெட்டிக்குள் விழும். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் துண்டுகளைக் கையால் எண்ணிப் பொறியின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாத் துண்டுகளையும் எண்ணவேண்டும் என்ற வழக்கு 2024 ஏப்ரலில் தள்ளப்பட்டது.

துண்டில் வேறு பெயர் வந்ததென ஒருவர் முறையிட்டால், அவருக்கு ஒரு சோதனை வாக்கைக் கொடுத்துப் பார்ப்பார்கள். முறைப்பாடு பொய்யென்று கண்டால் தண்டனைக்கு ஆளாவார். வீண் கலகத்தைத் தடுக்கவே இவ்விதி என்பர். ஆயினும் ஏழே வினாடியில் மங்கிய வெளிச்சத்தில் கண்டதை நம்பித் தண்டனைக்குத் துணிந்து முறையிட எத்தனை ஏழைக் குடியானவர் முன்வருவார்? ஐயத்தைச் சொல்ல அஞ்சும் இடத்தில் நம்பிக்கை வளராது என்பது எமது கருத்து.

ஜெர்மனி வேறொரு வழியில் சென்றது. அங்கே 2005 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் பொறியில் வாக்களித்தனர். அதை எதிர்த்த வழக்கில் 2009 மார்ச் 3 ஆம் திகதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. பொறியில் மோசடி நடந்தது என்று அது கண்டதில்லை. தேர்தலின் முக்கிய படிகள் ஒவ்வொன்றையும் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண குடிமகனே சரிபார்க்க இயலவேண்டும். அந்தப் பொறியில் அது இயலாது. ஆதலால் அதன் உபயோகம் அரசியலமைப்புக்கு மாறானது என்பதே தீர்ப்பு. அயர்லாந்தின் கதை இன்னும் பரிதாபம். ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டுப் பொறிகளை வாங்கி, 2002 இல் சில தொகுதிகளில் மட்டும் பாவித்து, பல ஆண்டுகள் கொட்டிலில் பூட்டி வைத்திருந்து, 2012 இல் பழைய இரும்பாக விற்றார்கள்.

அப்படியானால் நம் கடதாசியே போதும் என்று பெரியோர்கள் தலையசைப்பதைக் காண்கிறோம். சற்றுப் பொறுங்கள்.

நம் சீட்டு கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்கு முகவர் தாமும் முத்திரை இடலாம். ஜெர்மன் நீதிமன்றம் கேட்டது நம்மிடம் பெரும்பாலும் உண்டு. ஆனால் 2024 செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 இல், அத்தொகை 135,452 ஆகவே இருந்தது. 2024 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் 667,240. இவற்றுட் சில, எவரும் வேண்டாம் என்று வேண்டுமென்றே கெடுக்கப்பட்டவையாக இருக்கலாம். மற்றவை? வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு, வாக்களித்து விட்டோம் என்ற நிறைவுடன் வீடு சென்றவர்களின் வாக்குகள். தம் வாக்கு எண்ணப்படவில்லை என்பது அவர்களுக்கு இன்றளவும் தெரியாது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அத்தேர்தலுக்கு முன் நம் அங்கத்தவர்கள் பழங்களின் பெயரையிட்டு மாதிரிச் சீட்டு ஒன்று தயாரித்துப் பெரியவர்களிடம் கொடுத்தார்கள். அம்மையார் ஒருவர் மாம்பழத்துக்குப் புள்ளடி இட்டார். பலாப்பழத்துக்கு 2 என்று எழுதினார். மாம்பழம் முதலாவது, பலாப்பழம் இரண்டாவது என்பது குழந்தைக்கும் விளங்கும். சட்டத்துக்கு விளங்காது. சனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பவர் புள்ளடியோ 1 என்ற இலக்கமோ இடலாம். இரண்டாம் மூன்றாம் விருப்பமும் காட்டுபவர் 1, 2, 3 என்று இலக்கமே இடவேண்டும். இரண்டையும் கலந்தால் சீட்டுக் கழிந்தது. "ஐம்பது வருஷமாகப் புள்ளடிதானே போட்டு வாறன், பிள்ளை" என்றார் அந்த அம்மையார். அவர்மீது குற்றம் இல்லை. 39 பெயர்களைத் தாங்கிய முழ நீளச் சீட்டை அவர் கையிற் கொடுத்தோம். அதை வாசிக்கும் முறையை அவர் விளங்கும் விதத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாம் விருப்பத்தை எண்ணவேண்டிய நிலை இந்நாட்டில் முதன்முறையாக அத்தேர்தலிலேதான் வந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

பாராளுமன்றத் தேர்தலோ இன்னும் கரடுமுரடு. முதலிற் கட்சிக்குப் புள்ளடி. பின் விருப்பு வாக்கு, மூன்று பேருக்கு மேற்படாமல். சீட்டிலே வேட்பாளரின் பெயர் இராது. இலக்கம் மட்டுமே இருக்கும். கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி இட்டால் முழுவதும் வீண். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 2024 இல் 44 பட்டியல்கள், பட்டியலுக்கு ஒன்பது பேராக 396 வேட்பாளர்கள். தமக்கு வேண்டிய ஒருவரின் பெயரைச் சின்னத்தோடும் இலக்கத்தோடும் நினைவிற் சுமந்து செல்வது, பரீட்சைக்குப் போகும் மாணவனுக்கே கடினம்.

ஆக, பொறி வாக்கைக் கெடவிடாது, ஆனால் காட்டாது. கடதாசி காட்டும், ஆனால் இலட்சக்கணக்கில் கெடவிடும். விவாதம் செய்த நம் இளைஞர்கள் இந்த இரண்டில் எதைத் தேர்வது என்றே மல்லாடினார்கள். ஆசிரியர் ஐயாவின் கேள்வியோ இரண்டுக்கும் பொதுவானது. இந்தியப் பொறியில் பொத்தானருகே தடவி வாசிக்கும் புள்ளியெழுத்து உண்டு. துணையின்றி அவர் வாக்களிக்கலாம். ஆனால் நம்பிக்கைக்கென்று பின்னர் சேர்த்த கடதாசித் துண்டு கண்ணாடிக்குப் பின்னே அல்லவா தெரிகிறது? கண்ணுள்ளவரின் ஐயத்தைத் தீர்த்த கருவி, கண்ணில்லாதவரை இருந்த இடத்திலேயே விட்டது. அமெரிக்காவில், 2000 ஆம் ஆண்டு புளோரிடாவில் நேர்ந்த சீட்டுக் குழப்பத்தின் பின், 2002 இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் அங்கவீனர் தனித்து வாக்களிக்கத்தக்க பொறி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். கண்ணில்லாதவர் அதிலே பெயர்களைக் காதிற் கேட்டுத் தேர்கிறார்.

நம்மைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது பொறியை விலக்கிய ஜெர்மனியே. அங்கே கண்ணில்லாதோர் சங்கங்கள் மட்டையிலே ஒரு சட்டம் வெட்டிக் கொடுக்கின்றன. வாக்குச்சீட்டின் வலப்பக்க மேல்மூலை தடவி அறியும்படி வெட்டப்பட்டோ துளையிடப்பட்டோ இருக்கும். மூலையைப் பொருத்திச் சீட்டைச் சட்டத்துள் வைத்து, துளைகளை விரலால் எண்ணி, வேண்டிய துளையில் அவரே அடையாளம் இடுகிறார். எந்தத் துளை யாருக்கு என்பதை ஒலிப்பதிவாக முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே பொறியும் இல்லை, மின்கலமும் இல்லை. மட்டையோடு அந்த ஒலிப்பதிவும் போவதாற்றான் அது பயன்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலே 2011 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கவீனர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல இடந்தருகிறது. அது நல்லது. ஆனால் துணையை நம்பவேண்டியிருப்பதே ஐயாவின் முறைப்பாடு. நாளை பொறி வந்தாலும் சரி, கடதாசியே நின்றாலும் சரி, நாம் கேட்கவேண்டியவை அவர் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன: வாக்காளர் தம் வாக்கைத் தாமே உணர்ந்து சரிபார்க்கக் கூடிய சான்று, அச்சான்றைப் பலர் அறிய எண்ணும் முறை, வாக்களிக்கும் விதத்தைச் சுவரொட்டியால் மாத்திரமன்றிக் காதுக்கும் கைக்கும் எட்டச் சொல்லும் ஏற்பாடு. முதலிரண்டையும் அரசாங்கமும் தேர்தல் ஆணைக்குழுவுமே செய்யமுடியும். மூன்றாவதில் நம் கைக்கும் வேலை உண்டு.

ஆகையால் இந்த உரையை நீட்டாமல் பக்கத்து அறைக்கு உங்களை அழைக்கிறோம். அங்கே இருவகைத் தேர்தலுக்கும் மாதிரிச் சீட்டுகள் மேசையில் இருக்கின்றன. பழங்களின் பெயர்தான், கட்சிகளின் பெயர் இல்லை. ஒவ்வொரு பெரியவருக்கும் அருகில் ஓர் இளைஞர் இருப்பார். கையைப் பிடித்து எழுதுவிக்க மாட்டார். எழுதி முடித்தபின், அது செல்லுமா செல்லாதா, ஏன் என்று மட்டும் சொல்லுவார். தோழர் இருவர் பழைய நாட்காட்டி மட்டையில் துளைச்சட்டம் ஒன்றும் வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் ஐயா இன்று காலை அதைத் தடவிப் பார்த்து, துளைகள் மிக நெருக்கம், பத்தாவதற்கு மேல் எண்ணிக்கை தவறுகிறது என்று குறை சொல்லிவிட்டார். வேறு மட்டையும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்திருக்கிறோம்.