இளமைத் தோழமையும் நகையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகைச்சுவை மிக்க நூலொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நாள்தோறும் புணர்ச்சி விதி கற்பிக்கும் எம்மிடம் நகையை எதிர்பார்த்த அவரது துணிவை வியக்கின்றோம்.

யாம் எடுத்துக்கொண்ட நூல், அவ்வை டி. கே. சண்முகம் எழுதி 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' என்பது. அது நம் மதுரைக்கு உரிமை பூண்ட நூல். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் இந்நகரில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஆறு வயதில் அதிற் சேர்ந்தவர் நூலாசிரியர். பால்மணம் மாறாத பிள்ளைகள் அரசராகவும் அரசியராகவும் வேடம் புனைந்து விடியுமட்டும் ஆடிய காலம் அது. சுவாமிகள் இச்சிறுவர் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி'யை ஓரிரவில் எழுதி முடித்த செய்தியையும் அதிற் காணலாம். வயிறு குலுங்கச் சிரித்து யாம் படித்த நூல்களுள் இது ஒன்று. எம் இல்லத்தார் இருமுறை வந்து எட்டிப் பார்த்துச் சென்றனர்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இளமையில் இவர்கள் குழுவில் நடித்தவர். 1935-இல் வந்த 'மேனகா' படத்திலும் உடன் நடித்தவர். 1957-இல் அவர் மறைந்தார். நூல் வெளிவந்தபோது அவர் இறந்து 15 ஆண்டுகள் கடந்திருந்தன. இக்கணக்கு மனத்தில் எழுந்ததும் எம் சிரிப்பு நின்றது. ஆசிரியர் தம் தோழரை ஏட்டில்தான் சந்திக்க முடிந்தது. எம் தோழரோ சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்து நலமாக வாழ்கின்றார். இரயிலேறினால் ஒரு மணி நேரமும் ஆகாது. 28 ஆண்டுகளாக யாம் போகவில்லை.

காரணத்தை இந்த அவையில் சொல்லத்தான் வேண்டும். ஊர்ப் பள்ளி விழாவில் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' ஆடினோம். யாம் கிழவேடம், அவர் யானை. வேட்டியில் வைக்கோல் திணித்துத் துதிக்கை செய்திருந்தோம். வள்ளியை அச்சுறுத்த யானை வந்தது. பின்னால் ஓர் ஆடும் வந்தது. அது துதிக்கையைத் தின்னத் தொடங்கிற்று. யானை "ஐயோ அம்மா!" என்று அலற, வள்ளி அஞ்சுவதற்கு மாறாக விழுந்து விழுந்து சிரித்தாள். அவை கலைந்தது.

அன்றிரவு எம் வீட்டில் நடிகர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்குக் கூடத்தில் இலை. வேறு குலத்தவரான அவருக்கு மாட்டுத் தொழுவில் இலை. யாம் கண்டோம், வாய் திறந்தோமில்லை. அவர் உண்ணாமல் எழுந்து சென்றார். பரிமாறியவர் யார் என்பது இங்கே வேண்டா. வாளா இருந்தவர் யாம்.

சென்ற மாதம் கொடிக்காலுக்குச் சென்றோம். "வாங்க வாத்தியாரே" என்றார். 'டேய்' என்று அழைத்தவர் வாயிலிருந்து வந்த அந்த மரியாதை எம்மைச் சுட்டது. அவர் இலை கிள்ளிக்கொண்டிருந்தார்; யாம் நின்றோம். சொல்ல எண்ணிச் சென்றவை யாவும் தொண்டையில் தங்கிவிட்டன. கடைசியில், "அந்த ஆடு..." என்றோம். அவர் கை நின்றது. தோள் குலுங்கிற்று. "டேய், அது உங்க வீட்டு ஆடுடா!" என்றார். இருவரும் வரப்பில் அமர்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு தொழுவத்து இலையைப் பற்றி யாம் பேசினோம். அவர் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. "எங்க அம்மா சாகிறவரை அதைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஞாயிறன்று அவர் குடும்பத்துடன் எம் இல்லம் வந்தார். கூடத்தில் அருகருகே இலை போட்டு அமர்ந்தோம். எம் தாயார் தம் கையால் பரிமாறினார். முதற் கவளம் எடுக்குமுன் அவர் வாயிற்பக்கம் திரும்பிப் பார்த்து, "ஆடு ஏதும் கட்டியிருக்கா?" என்று கேட்டார்.