பத்துக்கும் பதினாறுக்கும் நடுவே ஒரு காலி அலமாரி

(நமது அறக்கட்டளை நூலகத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பள்ளி நூலகர் ஒருவர் ஆற்றிய உரை)





நூலகத்துக்குப் புதிதாக வாங்க வேண்டிய கதைப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எழுதும் முன் அலமாரிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். மார்க்க நூல்கள் நிறைய இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைகளும் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற ஒரு பிள்ளை கதை கேட்டு வந்தால், எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. படக்கதை அந்தப் பிள்ளைக்குச் சிறியதாகிவிட்டது. பெரியவர்களின் நாவல் இன்னும் எட்டவில்லை. அந்த இடைவெளியில் கைபேசி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். பணம் ஒரு காரணம். "கதைப் புத்தகம் படித்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்ற பயம் இன்னொரு காரணம். இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது இருந்தது. அதனால் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் ஒரு நாவலை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஒரு பையனும் பெண்ணும் இருந்தார்கள். நான் அதைப் பிடுங்கி என் மேசை இழுப்பறையில் பூட்டினேன். எல்லோர் முன்பும் இரண்டு வார்த்தை திட்டியும் விட்டேன். அந்த வருடக் கடைசியில் இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அண்ணனும் தங்கையும் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகிற கதை. அந்தப் பிள்ளை அதற்குள் நூலகப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: படிக்காமல் கொடுக்காதே, படிக்காமல் தடுக்காதே.

சில பெற்றோர் கேட்கிறார்கள், "கெட்டது எதுவும் வராத கதையாகக் கொடுங்கள்" என்று. நம் பிள்ளைகள் மக்தபிலேயே யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்கிறார்கள். அதில் அண்ணன்மாரின் பொறாமை இருக்கிறது, பொய்ப் பழி இருக்கிறது, சிறை இருக்கிறது. கெட்டது வருகிறதா என்று பார்ப்பதைவிட, அதைக் கடந்து நிற்கும் தைரியத்தைக் கதை தருகிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன்.

பத்து முதல் பன்னிரண்டு வயதுக்கு முதலில் நான் சொல்வது யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல். ஒரு மரப்பாச்சிப் பொம்மை சிறுமியோடு பேசுகிறது. தவறான தொடுதல் என்றால் என்ன, அதை மறைக்காமல் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பயமுறுத்தாமல் சொல்லிக் கொடுக்கிறது. நம்மில் எத்தனை உம்மாமார்களுக்கு இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாக்கு ஒட்டிக்கொள்கிறது! அந்த வேலையை இந்தப் புத்தகம் பாதி செய்துவிடும். மீதியை நீங்கள் செய்யுங்கள். பையன்களுக்கும் இதைக் கொடுங்கள்.

அதே விருதை 2023-ல் பெற்றது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியின் பழைய காலத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நாவல். வரலாறு என்றாலே கொட்டாவி விடும் பையனுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

பதின்மூன்று வயதுக்கு மேல் இரா. நடராசனின் 'ஆயிஷா'. மிகச் சிறிய புத்தகம், ஒரே மாலையில் முடிந்துவிடும். கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அடி வாங்கும் ஒரு மாணவியின் கதை. முடிவில் அந்தப் பிள்ளை இறந்துவிடுகிறாள். அதனால் இதைப் பிள்ளையின் கையில் தனியாகக் கொடுத்துவிட வேண்டாம். வீட்டில் ஒரு பெரியவரும் படித்து, பிறகு உட்கார்ந்து பேசுங்கள். ஆசிரியர்களும் படிக்க வேண்டிய கதை.

பதினைந்தை ஒட்டியவர்களுக்கு வைக்கம் முகம்மது பஷீர். மலையாளத்தில் எழுதியவர், தமிழில் நல்ல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. 'பாத்துமாவின் ஆடு' நாவலில் அந்த ஆடு எழுத்தாளரின் புத்தகங்களையே தின்றுவிடுகிறது. வீடே சிரிக்கும். 1951-ல் வந்த 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலில், எழுத்தறியாத குஞ்ஞுபாத்தும்மாவுக்குப் பக்கத்து வீட்டு ஆயிஷா எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். உம்மாவோ பழைய யானைப் பெருமையையே பேசிக்கொண்டிருக்கிறாள். நம் வீடுகளைப் போன்ற ஒரு வீடு அது. தன் வீட்டுப் பேச்சை, தன் வீட்டுப் பெயரைப் புத்தகத்தில் பார்க்கும் பிள்ளைக்கு, "நானும் புத்தகத்தில் இடம்பெறத் தக்கவள்தான்" என்று தோன்றும்.

ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு மூன்று சொல்கிறேன். ஹெனா கான் எழுதிய 'ஆமினாஸ் வாய்ஸ்', அமெரிக்காவில் வளரும் கூச்ச சுபாவமுள்ள ஒரு முஸ்லிம் சிறுமியின் கதை. அவர்களுடைய பள்ளிவாசல் தாக்கப்படும்போது அக்கம்பக்கத்தார் துணை நிற்பதும் அதில் வருகிறது. ஜாஸ்மின் வார்காவின் 'அதர் வேர்ட்ஸ் ஃபார் ஹோம்', சிரியாவை விட்டுத் தாயோடு அமெரிக்கா போகும் ஜூட் என்ற சிறுமியைப் பற்றியது. வீரா ஹிரானந்தானியின் 'தி நைட் டைரி', 1947 பிரிவினையில் ஊரைவிட்டுப் போகும் பன்னிரண்டு வயது நிஷா, இறந்துபோன தன் தாய்க்கு எழுதும் கடிதங்களாக அமைந்தது. தாய் முஸ்லிம், தந்தை இந்து. இரண்டு பக்கத்து வலியையும் ஒரு பிள்ளையின் கண்ணால் பார்க்க வைக்கும்.

நாவலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டது 1938-ல். அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை எழுதினார். நம் பெண்கள் எழுதியே இத்தனை காலம் ஆகிவிட்டது. படிக்கவாவது நாம் இடம் கொடுக்க வேண்டாமா?

கடைசியாக, நிர்வாகிகளிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று, தேர்வுக் குழுவில் இரண்டு உம்மாமார்களையும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம் வேண்டாம் என்று யார் சொன்னாலும், அவர் அதை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

இரண்டு, இந்த அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். புத்தகம் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

மூன்று, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். மாலையில் வெளியே அனுப்பப்படாத பெண் பிள்ளைகளுக்காக, உம்மாவின் பெயரிலும் ஒரு அட்டை போடுங்கள். இரண்டு பேரும் படிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

நான்கு, கிழிந்துபோன புத்தகத்துக்கு அபராதம் கேட்காதீர்கள். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். ஒட்டி மறுபடி அடுக்குவோம்.

ஒரே தடவையில் நூறு புத்தகம் வாங்க வேண்டியதில்லை. இன்று நான் சொன்ன எட்டில் ஐந்தை வாங்கித் தொடங்கினாலும் போதும். இந்த மாதம் ஒரு புத்தகத்தை உங்கள் பிள்ளைக்கு முன்பாக நீங்கள் படியுங்கள். பிறகு அவர்கள் கையில் கொடுத்து, "உனக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். நான் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.