தாது நஷ்டம் என்னும் அச்சம்

"தாது கழிந்துவிட்டது, உடல் தேய்கிறது" என்று மருத்துவரை நாடும் இளைஞர் நம் நாட்டில் அநேகர். இந்நிலைக்கு 1960-இல் டாக்டர் நரேந்திர நாத் விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி மஜ்ஜையாகவும், நாற்பது துளி மஜ்ஜை ஒரு துளி விந்தாகவும் மாறுவதாக ஒரு கணக்குச் சொல்வர். உடலியலில் இக்கணக்கிற்கு இடமில்லை. உறக்கத்தில் விந்து வெளிப்படுவது இயற்கை. அதனால் வலிமை குன்றுவதில்லை. ஆயினும் அவனுடைய களைப்பு பொய்யன்று. அச்சமே அதனை வளர்க்கிறது.

புதிதாக மணந்தவன் அவ்வச்சத்தால் மனைவியை நெருங்கத் தயங்குகிறான். அவளோ குறை தன்னிடமென்று மருகுகிறாள். தம் சோர்வுக்கெல்லாம் வெள்ளைப்படுதலே காரணமென்று கலங்கும் பெண்களும் உளர். சுவரில் விளம்பரம் எழுதும் வைத்தியர்களுக்கோ இதுவே மூலதனம்! நாம் தேட வேண்டியது, நகையாமல் கேட்கும் மருத்துவரை. உள்ளே மனச்சோர்வோ பதற்றமோ உண்டாவென்று அவர் ஆராய்வார். இருப்பின், அதற்குச் சிகிச்சை உண்டு.