ஊக்கம் பிறக்கும் இடம்

(துணை வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊழியரின் ஊக்கமும் நலனும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு முகாம் அமைப்பாளர்கள் நம்மைப் பணித்திருக்கின்றனர். இப்பொருள் பற்றிப் பேச வருவோர் கடமை, தியாகம், சேவை மனப்பான்மை ஆகிய உயர்ந்த சொற்களைக் கூறி அமர்வது வழக்கம். அச்சொற்களிடத்து நமக்கு மதிப்புக் குறைவு இல்லை. ஆயினும் அவற்றைக் கேட்டுவிட்டு வெளியே செல்லும் ஊழியரை எதிர்நோக்கி நிற்பவை, பழுதுபட்ட மோட்டாரும், வந்து சேராத பிளீச்சிங் பவுடரும், மாலைக்குள் அனுப்பியாக வேண்டிய நான்கு அறிக்கைகளுமே ஆகும். ஆகவே, ஊழியர் எப்படி இருக்க வேண்டும் என்பதை விடுத்து, அவர்களை மேற்பார்வை செய்யும் நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்.

இக்கேள்வி நம் துறைக்குப் புதியதன்று. சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 55 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னோடியாக அமைந்தது, அன்றைய ஐக்கிய மாகாணத்தின் எட்டாவா மாவட்டத்தில் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற முயற்சியாகும். அதனை வகுத்தவர் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். கிராமத்தில் ஜனநாயகம் தழைக்க வேண்டுமானால், அதனை வளர்க்கச் செல்லும் அலுவலகத்துக்குள் முதலில் ஜனநாயகம் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. கடைநிலையில் உள்ள கிராம ஊழியர், தம் மேலதிகாரிகள் அமர்ந்திருக்கும் கூட்டத்தில், 'நீங்கள் வகுத்த திட்டம் எங்கள் ஊரில் நடவாது' என்று அச்சமின்றிச் சொல்லும் நிலை வேண்டும் என்று அவர் கருதினார். நம் துறையின் அடித்தளத்தில் இட்ட கல் இது. இதனை நாம் மறந்துவிடலாகாது.

இதனை மறந்தால் விளைவது என்ன என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஓர் ஊராட்சியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் குளோரின் பதிவேட்டைப் பார்வையிட நேர்ந்தது. குழாயின் கடைசி முனையில் வரும் நீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவேனும் குளோரின் எஞ்சி நிற்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் நாள் தவறாமல் அந்த எண்ணே அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நாளும் கூடவில்லை. ஒரு நாளும் குறையவில்லை. குளோரோஸ்கோப் பெட்டியைக் கொண்டு வரச் செய்து, கடைசித் தெருவின் குழாய் நீரைச் சோதித்தபோது, நீரின் நிறம் சிறிதும் மாறவில்லை. விசாரித்ததில், பிளீச்சிங் பவுடர் தீர்ந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன என்பது தெரிந்தது.

தொட்டியை இயக்குபவர் அதனை மறைக்கவில்லை. ஊராட்சிச் செயலரிடம் சொல்லியிருக்கிறார். செயலர் அதனை மேலே சொல்லவில்லை. காரணம் யாது? அதற்கு முந்தைய மாதம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், இருப்புக் குறைவு என்று எழுந்து சொன்ன வேறொரு செயலர், 'முன்கூட்டியே ஏற்பாடு செய்யத் தெரியாதா?' என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளப்பட்டார். அன்று அவர் ஒருவர் பெற்ற வசையால் அங்கிருந்த அத்தனை பேரும் ஒரு பாடம் கற்றனர்: குறையைச் சொல்லாதே, எண்ணை எழுது.

நண்பர்களே, அந்தப் பன்னிரண்டு நாட்களும் அத்தெருவின் குழந்தைகள் அந்நீரைத்தான் பருகினர். அஞ்சிய ஊழியர் சோர்ந்து போவது அவர் ஒருவரோடு முடிந்துவிடும் துன்பமன்று. அவர் வாயிலாக மேலே வர வேண்டிய உண்மை வருவதில்லை. உண்மை வராத அலுவலகம், கண் கட்டப்பட்டவன் வண்டி ஓட்டுவது போலத்தான் நடக்கும். ஊழியரின் மனநிலை என்பது கனிவின்பாற்பட்ட விஷயம் மட்டும் அன்று; நிர்வாகம் நடைபெறுவதற்கே இன்றியமையாதது என்று நாம் கூறுவது இதனால்தான்.

அந்த ஊராட்சிக்கு அன்று மாலையே பவுடர் அனுப்பப்பட்டது. பிறகு, ஒன்றியக் கூட்டங்களில் ஒரு சிறு முறை கைக்கொள்ளப்பட்டது. கூட்டத்தின் முதல் கால் மணி நேரம் ஊழியருக்கு உரியது. ஒவ்வொருவரும் தமக்கு இல்லாதது யாது என்பதைச் சொல்லலாம். அது ஒரு நோட்டில் எழுதப்படும். அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது, எந்நாளுக்குள் என்பதும் எதிரே எழுதப்படும். அடுத்த கூட்டம் அந்நோட்டைப் படிப்பதோடு தொடங்கும். முதலிரண்டு கூட்டங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. சொன்ன குறை ஒன்று குறித்த நாளில் தீர்ந்ததைக் கண்ட பின்னரே மற்றவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. பதிவேட்டில் எண்கள் ஏறியும் இறங்கியும் வரத் தொடங்கின. அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். அது மெய்யான கணக்கின் அடையாளம்.

இம்முறைக்கு நம் மாநிலத்திலேயே பெரிய அளவில் ஒரு சான்று உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்கள் 2004ஆம் ஆண்டு வாக்கில் 'கூடம்' என்னும் கலந்துரையாடல் முறையை மேற்கொண்டனர். வீட்டுக் கூடத்தில் பெரியவரும் சிறியவரும் கூடிப் பேசுவது போல, பதவி வேறுபாடு பாராது வட்டமாக அமர்ந்து, தம் பணியைக் குறித்துத் தாமே வினாக்களை எழுப்பிக்கொண்டனர். பிறகு அதே முறையில் கிராம மக்களோடும் அமர்ந்து பேசினர். தமக்குள் ஒருவரை ஒருவர் செவிமடுக்கக் கற்ற பின்னரே, மக்களைச் செவிமடுப்பது அவர்களுக்கு எளிதாயிற்று.

இரண்டாவதாக, வேலைச் சுமையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அக்காலத்துக் கிராம சேவகர், ஏறத்தாழப் பத்துக் கிராமங்களுக்கு வேளாண்மை, கால்நடை, சுகாதாரம், கூட்டுறவு ஆகிய அனைத்துக்கும் ஒருவராகவே பொறுப்பேற்றிருந்தார். எல்லோரும் அவருக்கு எசமானர். 1970களில் உலக வங்கியின் ஆதரவோடு டேனியல் பெனார் என்பவர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' என்னும் முறை இதற்கு மாற்றாக வந்தது. வேளாண் விரிவாக்க ஊழியருக்கு அந்த ஒரு பணியே. அவருக்குக் கட்டளையிடுவோர் ஒருவரே. இன்ன நாளில் இன்ன ஊர் என்பது முன்கூட்டியே முடிவானது. அம்முறை செலவு மிக்கது, வளைந்து கொடுக்காதது என்று குறை கூறப்பட்டு, நாளடைவில் கைவிடப்பட்டது. ஆயினும் அது கண்ட நோய் மெய்யானதே.

இன்று கிராம சேவகரின் இடத்தில் ஊராட்சிச் செயலர் நிற்கிறார். பல துறைகளின் கட்டளைகளும் அவருடைய கைப்பேசியில் வந்து விழுகின்றன. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'உடனே அனுப்புக' என்றொரு செய்தி வருகிறது. அச்செய்தியை அனுப்புமுன் நாம் மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்ளலாம். இவ்விவரம் ஏற்கெனவே நம் அலுவலகக் கோப்பில் இருக்கிறதா? இதனை நாளைக் காலையில் கேட்டால் ஏதேனும் கெட்டுவிடுமா? இதனைக் கொண்டு நாம் எடுக்கப்போகும் முடிவு யாது? மூன்றுக்கும் விடை கூற முடியாத அறிக்கையைக் கேட்பது, ஒருவருடைய உறக்கத்தைக் கெடுத்து ஒரு காகிதத்தைப் பெறுவதாகும்.

மூன்றாவது, உடல் நலம். நம் ஊழியருள் மிகத் தாழ்ந்த ஊதியம் பெறுவோர் தூய்மைக் காவலர்களும் தொட்டி இயக்குபவர்களும் ஆவர். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. அந்த அறிவிப்பு நம் பணி அட்டவணையிலும் தெரிய வேண்டாமா? சித்திரை, வைகாசியில் குப்பை சேகரிப்பை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்க ஏற்பாடு செய்வதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. கையுறை கிழிந்த அன்றே மாற்றுக் கையுறை கிடைக்க வேண்டும். ஊதியம் குறித்த தேதியில் சேர வேண்டும்; ஊதியம் தாமதமாகும் வீட்டில் ஊக்கம் பற்றிப் பேசுவது நகைப்புக்கு இடமாகும். பெண் ஊழியரை அழைக்கும் கூட்டம், அவர்கள் ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்துக்கு முன் முடிந்தாக வேண்டும். ஆய்வு எவ்வளவு முக்கியமானதாயினும், இருட்டில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவரை நிறுத்தி வைக்கும் அளவுக்கு முக்கியமானதன்று.

நான்காவது, பாராட்டு. பிரேசில் நாட்டின் வறட்சி மிக்க சியரா மாநிலத்தில் 1987ஆம் ஆண்டு கிராம நல ஊழியர் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அவ்வூழியருள் பெரும்பாலோர் குறைந்தபட்ச ஊதியம் பெற்ற பெண்கள். அவர்கள் காட்டிய ஈடுபாட்டுக்குக் காரணம் தேடிய ஜூடித் டெண்ட்லர் என்னும் அறிஞர், 1997ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை விளக்கியிருக்கிறார். அப்பணியின் பெருமையை அரசு ஓயாமல் மக்களிடம் எடுத்துரைத்தது. மக்களும் அவர்களை மதித்தனர், கண்காணிக்கவும் செய்தனர். மதிப்பும் கண்காணிப்பும் ஒருங்கே வந்தமையால் வேலை சிறந்தது. நாமோ பாராட்டைச் சான்றிதழாக்கி மாவட்டத் தலைநகரில் வழங்குகிறோம். தொட்டியை ஒழுங்காகக் கழுவியவரின் பெயரை, அத்தொட்டியின் நீரைக் குடிப்போர் அமர்ந்திருக்கும் கிராம சபையில் சொல்லுங்கள். அவருக்கு அதனினும் பெரிய விருது இல்லை.

'அப்படியாயின் கண்டிப்பே வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். ஆனால் வேலை நடவாதபோது, அங்கிருப்பவர் யார் என்பதை முதலில் அறிய வேண்டும். தெரியாதவர் ஒருவர், அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இயலாதவர் ஒருவர், கருவியோ பணமோ ஆளோ ஓய்வோ இல்லாமல் தவிக்கும் அவருக்கு அதனை அளிக்க வேண்டும். மனமில்லாதவர் ஒருவர், அவருக்கு விதிகள் இருக்கின்றன, தயங்காமல் பயன்படுத்தலாம். முதலிருவரை மூன்றாமவராக எண்ணித் தண்டிப்பதே அலுவலகங்களைப் பாழாக்குகிறது. தண்டிக்கப்பட்ட நல்ல ஊழியர் நாளடைவில் மெய்யாகவே மனமில்லாதவர் ஆகிவிடுகிறார்.

தமிழகத்தின் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நாள்தோறும் நீர் ஏறுவதும், தெரு கூட்டப்படுவதும், விளக்கு எரிவதும் நம் கையால் அன்று. நாம் பெயர் கூட அறியாத பலர் கையால். அவர்களுக்கு ஊக்கத்தை நாம் ஊட்ட வேண்டியதில்லை. பெரும்பாலோர் அதனோடுதான் பணிக்கு வருகின்றனர். அது குறையாமல் காப்பதே நம் வேலை. நாளை உங்கள் ஒன்றியங்களுக்குத் திரும்பியதும் ஒரு நோட்டை வாங்கி, உங்கள் ஊழியருக்கு இல்லாதது யாது என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள். எழுதியவற்றுள் ஒன்றையேனும் அந்த வாரத்துக்குள் தீர்த்து வையுங்கள்.