அப்பாவோட ஸ்பிளெண்டரை எலக்ட்ரிக்கா மாத்தலாமா?

எனக்கு பெரம்பலூர். வேலை சென்னையில. எங்க அப்பா அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில வேலை பார்க்கிறார். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. மாசத்துக்கு 26 நாள், அதே ஸ்பிளெண்டர். என்னை பள்ளிக்கூடத்துல விட்ட வண்டி அது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அவரோட பெட்ரோல் செலவைக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கிடைக்குதுன்னு வச்சா, ஒரு நாளைக்கு 110 ரூபாய் போகுது. "இதை எலக்ட்ரிக்கா மாத்திடலாம்ப்பா"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். "எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு வா" அப்படின்னார்.

கேட்டேன். எங்க ஊர்ல ஒரு மெக்கானிக் அண்ணே 40,000 ரூபாய்ல முடிச்சுத் தர்றேன்னார். என்ஜினைக் கழட்டிட்டு, பின் சக்கரத்துல ஹப் மோட்டார், அதுக்கு ஒரு கன்ட்ரோலர், புது ஆக்ஸிலேட்டர் பிடி, ஹாரனுக்கும் லைட்டுக்கும் 12 வோல்ட்டா குறைச்சுக் கொடுக்குற கன்வர்ட்டர். பேட்டரி லெட் ஆசிட். "பேப்பரெல்லாம் யாருப்பா பார்க்கப் போறாங்க?"ன்னார். எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு.

முதல்ல பேட்டரி கணக்கைப் பார்ப்போம். மெதுவா ஓட்டுற பைக்குக்கு கிலோமீட்டருக்கு சுமார் 30 வாட்-ஹவர் வேணும். அறுபது கிலோமீட்டருக்கு 1,800. அதுக்கு மேல இருபது சதவீதமாவது கையிருப்பு வைக்கணும், ஏன்னா எதிர்காத்து, பின்னாடி ஒரு ஆள், வயசான பேட்டரி எல்லாம் சேர்ந்து வரும். அப்போ 72 வோல்ட், 32 ஆம்ப்-ஹவர் பேட்டரி தேவை. லெட் ஆசிட்ல இதை எடுத்தா பைக் மூட்டை தூக்கிட்டு ஓடுற மாதிரி ஆயிடும், ஆயுளும் கம்மி. எல்எஃப்பி லித்தியம்தான் சரி, அதுவும் பிஎம்எஸ் வச்சது. பட்ஜெட்டோட பெரும்பகுதி பேட்டரிக்குத்தான் போகும். "கிட் வெறும் இத்தனை ரூபாய்"னு யாராவது சொன்னா, பேட்டரி சேர்த்தான்னு கேளுங்க.

நம்ம நாட்டுல இதுக்கு உதாரணம் இருக்கு. மகாராஷ்டிராவுல தாணேயைச் சேர்ந்த கோகோஏ1 நிறுவனம் 2021-ல ஸ்பிளெண்டருக்கு ஆர்டிஓ அனுமதியோட கிட் கொண்டுவந்தது. அப்போ கிட் விலை 35,000, ஜிஎஸ்டி 6,300, பேட்டரி தனியா சுமார் 50,000. ஆக மொத்தம் 91,300. மெக்கானிக் அண்ணே சொன்னதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல.

இந்த வித்தியாசம் எதுக்கு? பேட்டரிக்கும் அனுமதிக்கும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி வண்டியில இந்த மாதிரி மாற்றம் பண்ண அனுமதி வேணும். ஏஐஎஸ்-123 தரத்துல, புனே ஏஆர்ஏஐ மாதிரி சோதனை மையத்துல தேறின கிட்டா இருக்கணும், அதுவும் உங்க மாடலுக்குன்னு. அப்புறம் ஆர்டிஓ ஆய்வு, ஆர்சி-ல எரிபொருள் மாற்றம், பச்சை நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல். இதெல்லாம் இல்லாம மாத்தினா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

அபராதத்தை விட எனக்குப் பயமா இருந்தது வேற. பெரம்பலூர் - அரியலூர் ரோட்டுல ஓட்டினவங்களுக்குத் தெரியும். ஒரு காலத்துல கடலா இருந்த மண்ணு, அதனால சுண்ணாம்புக்கல், அதனால சிமென்ட் ஆலைங்க, அதனால லாரி. அந்த லாரிங்களுக்கு நடுவுலதான் அப்பா தினமும் போறார். ஹப் மோட்டாரோட அச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்குற டார்க் ஆர்ம் சரியா மாட்டலைன்னா, ஆக்ஸிலேட்டர் குடுக்கும்போது அச்சு தானா சுத்தி ஒயரை அறுத்துடும். அந்த இடத்துல விபத்து நடந்தா, அனுமதியில்லாம மாத்தின வண்டின்னு இன்சூரன்ஸ் கை விரிக்கலாம். 40,000-ல நான் மிச்சம் பிடிக்கிறது அப்பாவோட பாதுகாப்பைத்தான்.

சரி, அனுமதியோட மாத்தினா லாபமா? ஒரு நாளைக்கு சார்ஜ் பண்ணும்போது வீணாகுறது சேர்த்து 2.1 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய்னு வச்சாலும் 13 ரூபாய். தினம் 97 மிச்சம், மாசம் சுமார் 2,500. அந்த 91,300 திரும்ப வர 36 மாசத்துக்கு மேல ஆகும். ஆனா நம்ம மின்கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. வீட்டுக் கணக்குல 110 யூனிட் கூடும். 500-ஐத் தாண்டினா ஸ்லாப்பே மாறிடும், அதையும் பாருங்க.

இதை அப்பாகிட்ட காட்டினேன். பேப்பரை ரெண்டு தடவை படிச்சார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தாண்டா சர்வீஸ்" அப்படின்னார். 24 மாசம். 60,000 மிச்சமாகும், 31,000 கையை விட்டுப் போகும். இதை நான் யோசிக்கவே இல்லை.

அதனால மாத்தலை. செயின் செட் புதுசா போட்டோம், டயர்ல காத்து சரியா வச்சோம், கார்புரேட்டரை சுத்தம் பண்ணோம். ரிட்டயர் ஆனதும் வண்டி எனக்குன்னு சொல்லியிருக்கார்.

அப்போ யாருக்கு இது சரிப்படும்? தினம் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓட்டுற, இன்னும் நாலஞ்சு வருஷம் அதே வண்டியை வச்சுக்கப் போற ஆளுக்கு. பால்காரர், டெலிவரி பண்ற தம்பிங்க. ஆர்சி எப்ப முடியுதுன்னும் பார்த்துக்கோங்க. தினம் பத்து கிலோமீட்டர் ஆபீஸ் போறவங்க காசைச் செலவு பண்ணாதீங்க.

உங்க வீட்டுல அப்படி ஒரு பழைய வண்டி இருந்தா, முதல்ல ஒரு வாரம் கிலோமீட்டரை எழுதிப் பாருங்க. அப்புறம் அதை ஓட்டுறவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.