உகரச் சுட்டும் ஒரு திரைப்படமும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அண்மையிற் கண்ட திரைப்படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவனுக்கு இது பொருந்துமோ என்று தயங்கினேன். ஆயினும், மாலைப்பொழுதைத் தொலைக்காட்சிமுன் கழிப்பவருள் நானும் ஒருவன் என்பதை உங்களிடம் ஒளிப்பானேன்?

நம் பழைய குறையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். 2006ஆம் ஆண்டு, தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லையெனத் தமிழக அரசு அறிவித்தது. 'எம்டன் மகன்' உடனே 'எம் மகன்' ஆயிற்று! மொழிமேல் அன்பு கொண்டா? வரிமேல் அச்சங் கொண்டு. 2017இல் வரிமுறை மாறியது. அவ்வன்பும் மெல்லக் கரைந்தது. இன்று சுவரொட்டிகளைப் படித்துப் பாருங்கள். 2024இல் வந்த 'மெய்யழகன்' போன்ற பெயரைக் கண்டால் பாலையில் நீர் கண்டதுபோல் இருக்கின்றது.

இந்த எரிச்சலோடுதான் 2025ஆம் ஆண்டு மே முதல் நாளில் வெளிவந்த 'டூரிசுட்டு பேமிலி' என்னும் படத்தின்முன் அமர்ந்தேன். கிரந்தம் நீக்கி எழுதினாலும் நாக்கூசும் பெயர். சுற்றுலாக் குடும்பம் என்றால் எவர் வரமாட்டேன் என்பார்? எழுந்துவிடத்தான் எண்ணினேன். என் பெயர்த்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கதை உங்களுட் பலர் அறிந்ததே. இலங்கையின் பொருளியல் நெருக்கடியாற் பிழைக்க வழியின்றி, கணவனும் மனைவியும் இரு மைந்தரும் படகேறி இராமேசுவரத்தில் இறங்கிச் சென்னையை அடைகின்றனர். சசிகுமாரும் சிம்ரனும் நடித்துள்ளனர். இயக்கிய இளைஞர் அபிசன் சீவிந்துக்கு இதுவே முதற்படம். காட்சிகள் சில மிகையானவை. எல்லாரும் இறுதியில் நல்லவராகிவிடுவதும் எளிதான முடிவே. அவை நிற்க. என்னைத் தைத்தது ஒன்று. அக்குடும்பத்துக்குத் தலைநகரில் கிடைக்கும் அறிவுரை என்ன தெரியுமா? 'வெளியே உங்கள் தமிழைப் பேசாதீர்கள். பேசினால் அகப்பட்டுக் கொள்வீர்கள்' என்பதே. தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர், தமிழைப் பேச அஞ்சி வாய்மூடி நடக்கின்றனர்!

ஈழத்தார் பேச்சைக் கேட்டால் நம்மவர் ஒன்று நகைப்பர். அன்றேல் மழலையெனக் கொஞ்சுவர். 2000ஆம் ஆண்டின் 'தெனாலி'யில் கமலகாசன் அப்பேச்சைப் பேசத் திரையரங்குகள் சிரிப்பால் அதிர்ந்தன. 2023இல் தனியார் தொலைக்காட்சி ஒன்றின் சிறுவர் பாட்டுப்போட்டியில் யாழ்ப்பாணச் சிறுமி ஒருத்தி முதற்பரிசு பெற்றாள். அவள் பாட்டுக்குக் கைதட்டியதில் குறையில்லை. ஆனால் அவள் இயல்பாகப் பேசியதை அண்டை வீட்டார் ஏதோ கிளி பேசியதுபோல் வியந்து திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. 'கதைத்தல் தூய தமிழா?' என்று நம் அன்பர் ஒருவர் என்னையே கேட்டார். வேராராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்வோம், ஐயா. முதலில் பேசுகின்றவர் வாய் அச்சமின்றித் திறக்கட்டும்.

இவ்வளவு சினந்து பேசும் நான் தூயவன் அல்லேன். அதைச் சொல்லவே இம்மேடையில் நிற்கின்றேன்.

1997ஆம் ஆண்டு, வகுப்பிற் சுட்டெழுத்து நடத்திக்கொண்டிருந்தேன். தொல்காப்பியர் அ, இ, உ என மூன்று சுட்டுக் கூறினார். அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம், இரண்டற்கும் இடைப்பட்டதற்கு உகரம். 'உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அருகிலிருந்த ஏதிலியர் முகாமிலிருந்து வருபவன். அதுவரை வாய்திறந்து நான் கேட்டதில்லை.

"எங்கட வீட்டில நாங்கள் உவன், உது எண்டுதான் கதைக்கிறனாங்கள், ஐயா" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஈராயிரம் ஆண்டு இலக்கணத்துக்கு உயிருள்ள சான்று என்முன் நின்றது. கரும்பலகையை அழித்துவிட்டு அவனை முன்னே அழைத்திருக்க வேண்டும். நானோ, "இங்கே வந்தபின் எங்களைப்போற் பேசப் பழகு, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை என் வகுப்பில் அவன் மறுபடி எழுந்ததில்லை. அவனுக்கு நான் தந்ததும் திரைப்படத்தில் அக்குடும்பம் பெற்றதும் ஒரே அறிவுரைதானே? அங்கே அச்சத்தாற் சொன்னார்கள். நான் செருக்காற் சொன்னேன்.

'ஏதிலியர் முகாம்' என்னும் பெயரை 2021இல் அரசு மாற்றி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றது. நல்லதே. என் மாணவன் இப்போது நாற்பதைக் கடந்திருப்பான். எங்குள்ளானோ அறியேன்.

படம் முடிந்த மறுநாள், ஆறாம் வகுப்பிற் படிக்கும் என் பெயர்த்தி பாடநூலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். சுட்டெழுத்துப் பாடம். உகரத்தை இன்று சுட்டாகப் பயன்படுத்துவதில்லை என்னும் இடம் வந்ததும் அவளை நிறுத்தி, எழுதுகோலைக் கையிற் கொடுத்தேன். 'யாழ்ப்பாணத்தார் இன்றும் பேசுகின்றனர்' என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள். "இதை யார் தாத்தா உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள். ஒரு மாணவன் என்றேன்.